மெஷின் நிற்கும் சத்தம்

அக்கா தைப்பாள், தங்கை எழுதுவாள். இரண்டு பேருக்கும் ஒரே அறை, ஒரே மேசை. மேசை துணி வெட்டுவதற்காக வாங்கியது. அதில் ஜன்னல் பக்கத்து மூலையைத் தங்கை எப்போது பிடித்துக்கொண்டாள், அக்கா எப்போது விட்டுக்கொடுத்தாள் என்று இருவருக்குமே ஞாபகம் இல்லை. அக்காவின் சாக்கட்டித் தூள் தங்கையின் காகிதத்தில் விழும். தங்கை அழித்த ரப்பர் துகள் யாரோ ஒருவரின் கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு போகும்.

"உன் கதையை அந்த மனுஷன் இடுப்புல கட்டிக்கிட்டுப் போறார்டி," என்பாள் அக்கா.

"அழிச்சதைத்தானே கொண்டு போறார். போகட்டும்."

காலையில் பாத்திரம் கழுவி முடித்து, பென்சிலைச் சீவிக்கொண்டு தங்கை உட்கார்ந்துவிடுவாள். முதல் வேலையாக நேற்று எழுதிய கடைசிப் பக்கத்தை அப்படியே இன்னொரு தாளில் திரும்ப எழுதுவாள். கை சூடேற அது வேண்டும். நேற்றைய வேகம் கைக்குத்தான் தெரியும், மூளைக்குத் தெரியாது என்பது அவள் கட்சி. எழுத வந்தாலும் வராவிட்டாலும் மதியம்வரை எழுந்திருக்க மாட்டாள். வராத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் திரையை விரலால் ஒதுக்கிக்கொண்டு எதிரே பேருந்து நிறுத்தத்தைப் பார்ப்பாள். அங்கே யாராவது குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தால் போதும், அந்த வார் அடுத்த வாரம் கதையில் ஒருவர் காலில் அறுந்துவிடும்.

"பாவம், விடுடி. அந்தாள் பஸ் ஏறிப் போகட்டும்," என்பாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

பகல் ஏற ஏற அவள் கதையில் வருகிறவர்களுக்குப் பசிக்கத் தொடங்கும். யாராவது ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டால் தங்கைக்குச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வர்ணனை அவளுக்குத் தானாக வரும். பேச்சு மட்டும் வராது. வெளி மனிதர்களிடம் "ம்", "சரிங்க" என்பதற்கு மேல் பேசாதவள் அவள். அளவு கொடுக்க யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். அப்படிப்பட்டவள் பத்துப் பேரைச் சண்டை போட வைக்க வேண்டும் என்றால் எங்கே போவாள்? அக்காவிடம்தான் போவாள். ஒரு வசனத்தை வாய்விட்டுச் சொல்வாள். மெஷினை மிதித்துக்கொண்டே, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், அக்கா அதற்குப் பதில் சொல்வாள். தங்கை அதை எழுதிக்கொள்வாள்.

"ஊரெல்லாம் உன்னைப் பத்தி என்ன பேசுது தெரியுமா?" என்று தங்கை ஒரு கோபக்கார மாமனாராகக் கேட்பாள்.

"ஊருக்கு வேற வேலை இல்ல. உங்களுக்குமா இல்ல?" என்று அக்கா மருமகளாகிவிடுவாள்.

இதற்காக அக்கா யோசித்ததே கிடையாது. கேட்டால் பதில் சொல்கிறேன், அதில் என்ன இருக்கிறது என்பாள். அச்சில் வந்த கதைகளை அவள் படித்ததும் கிடையாது. "நான் பேசினதையே நான் எதுக்குடி படிக்கணும்?"

ஒருமுறை, "இந்த நிமிஷமே வெளியே போ! உன் மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல!" என்று தங்கை பெருங்குரலில் சொன்னபோது, ஜன்னல் திரை தைக்கக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டு அம்மாள் சரியாக வாசற்படியில் கால் வைத்திருந்தார். அந்த அம்மாளைச் சமாதானப்படுத்தித் திரும்ப அழைத்துவர அக்கா தெருமுனைவரை ஓட வேண்டியதாயிற்று. அன்று மாலை இருவரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகு இரண்டு சட்டங்கள் போட்டுக்கொண்டார்கள். தங்கையின் பென்சில் கையில் இருந்தால் அவள் பேசுவது கதை. கொண்டையில் செருகியிருந்தால் வீட்டுப் பேச்சு; சந்தேகம் வந்தால் அக்கா திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். அக்காவின் மெஷின் வாசலைப் பார்த்து இருப்பதால் அவள் முதுகுதான் எப்போதும் மேசைக்குத் தெரியும். ஆகவே அவளுக்கு மெஷின்தான் அடையாளம். மெஷின் ஓடும்போது அவள் சொல்வது கதைக்கு. நிறுத்திவிட்டுச் சொன்னால் வீட்டுக்கு.

இந்தச் சட்டம் பல வருஷம் பழுதில்லாமல் ஓடியது.

இப்போது தங்கை ஒரு வாரப் பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ், ஓர் ஆம்புலன்ஸ் டிரைவர். இளவயதுக் காதல் இல்லை. இரண்டு பேருக்கும் காதோரம் நரைத்துவிட்டது. அந்த டிரைவர் எங்கிருந்து வந்தான் என்று கேட்டால் தங்கை தயங்காமல் சொல்வாள்: பொத்தான்காரரிடமிருந்து.

பொத்தான்காரர் தையல் கடைகளுக்கெல்லாம் பொத்தான், ஜிப், நூல் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஸ்கூட்டரின் பின்னால் கட்டிய பெட்டியில் எல்லாம் டப்பா டப்பாவாக, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டியிருக்கும். மனைவி தவறிப்போய்ப் பல வருஷமாகிறது. பெட்டியைத் திறக்கும் முன் மூடியை இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டுவார், உள்ளே யாரோ தூங்குகிற மாதிரி. அந்தத் தட்டலைத் தங்கை அப்படியே எடுத்து டிரைவருக்குக் கொடுத்திருந்தாள். அவன் ஆம்புலன்ஸ் கதவைத் திறக்கும் முன் தட்டுவான். வாரம் ஒருமுறை வந்துகொண்டிருந்தவர் இப்போதெல்லாம் அடிக்கடி வருவதையும், வெள்ளைப் பொத்தானைக் கொடுத்துவிட்டுப் போனவர் மறந்துவிட்டதாகச் சொல்லிக் கறுப்புப் பொத்தானோடு அன்றே திரும்பி வந்ததையும், ஒரு ஜிப் நல்லதா கெட்டதா என்று அக்காவும் அவரும் தேநீர் ஆறிப்போகும்வரை பேசியதையும் அவள் பார்த்தாள். பார்த்து, ஒவ்வொன்றாக டிரைவருக்கும் நர்ஸுக்கும் கொடுத்தாள். அக்காவுக்குக் கொடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று காலை அவளுக்கு நல்ல ஓட்டம். பழைய பக்கத்தைத் திரும்ப எழுதும்போதே கை சூடேறிவிட்டது. நர்ஸும் அவளுடைய அறைத்தோழியும் துணி மடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டிரைவர் மனசைத் திறந்துவிட்டான். நர்ஸ் அதைத் தோழியிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வாள்?

"என்னடி, ரெண்டு நாளா உன் முகமே சரியில்ல?" என்று தங்கை தோழியாகக் கேட்டாள்.

அக்கா ஒரு சட்டைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மெஷின் தடதடவென்று ஓடியது. பிறகு நின்றது.

"அவர் கேக்கிறார்டி," என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. "கல்யாணம் பண்ணிக்கலாமான்னு."

தங்கைக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு எளிமையான வாக்கியம்! அவள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தால் ஒரு பக்கம் முழுக்க வானமும் மேகமும் போட்டிருப்பாள். பென்சில் பறந்தது.

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. உன்னைக் கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

அடடா, என்று நினைத்துக்கொண்டாள் தங்கை. தோழிக்கு இதைவிடப் பெரிய பிடி வேண்டுமா? அவள் தனியாகிவிடப் பயப்படுகிறவள், விடுவாளா?

"வேணாம்னு சொல்லிடு. இந்த வயசுக்கு மேல போயி இன்னொருத்தர் அடுப்படியில நிக்கப் போறியா? உனக்கு அதெல்லாம் சரிப்படாது. இங்க எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டு எடுப்ப. அங்க போயி உப்பு எங்க, புளி எங்கன்னு கேட்டுக்கிட்டு நிப்பியா?"

"உப்பா?"

"உப்புதான். சிரிக்காத."

"நான் சிரிக்கல," என்றாள் அக்கா. "நிஜமாவே அப்படித்தான் நினைக்கிறியா?"

"நிஜமாத்தான்."

"சரி."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. தங்கை மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு அந்த அத்தியாயத்தை முடித்தாள். அவள் எழுதியதிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. பத்திரிகை ஆசிரியை போன் செய்து, "ஒட்டுக்கேட்டு எழுதின மாதிரி இருக்கும்மா," என்றார். தங்கை "ம்" என்றாள். போனை வைத்த பிறகு அறைக்குள் இரண்டு சுற்று நடந்தாள்.

அடுத்த அத்தியாயத்தில்தான் வண்டி நின்றது.

"இப்படி முடியாதுன்னு சொல்லிட்டு வந்தியே, அவர் என்ன சொன்னார்?" என்று தோழியாகக் கேட்டாள் தங்கை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்னைத்தான் கேக்கிறேன்."

"எனக்குத் தெரியலடி. நீயே எழுதிக்கோ."

இப்படி ஒரு பதில் இதுவரை வந்ததே இல்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்து வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். அக்கா குடித்துவிட்டு நன்றி என்றாள். நன்றி! அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. மறுநாளும் அப்படியே. தங்கை இரண்டு குரலிலும் தானே பேசி எழுதிப் பார்த்தாள். ஒரே ஆள் தொப்பியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருவதுபோல இருந்தது. கிழித்தாள். வியாழக்கிழமைக்குள் அத்தியாயம் போயாக வேண்டும். அவளுக்கு அக்காமேல் கோபம்கூட வந்தது. ஒரு எழுத்தாளருக்கு வரக்கூடிய மிகச் சின்னப் புத்தியான கோபம் அது. அவளுக்கே தெரிந்ததால் வெளியே காட்டவில்லை.

புதன்கிழமை காலை அக்கா ஒரு ஊதா நிறத் துணித் துண்டை நீட்டினாள். "நூல் தீர்ந்துபோச்சு. கடைவீதிக்குப் போயி இந்தக் கலர்ல ஒரு கண்டு வாங்கிட்டு வா."

"பொத்தான் அண்ணன் வருவாரே?"

"வர மாட்டார்," என்றாள் அக்கா. "போயிட்டு வா."

கடைவீதியில் ஒரு தையல் கடை வாசலில் அந்த ஸ்கூட்டர் நின்றது. பொத்தான்காரர் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். தங்கை அவரைத் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தாள். தெருவில் நின்று பேசுவது அவளுக்கு ஆகாத காரியம். ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கீங்களாம்மா? அக்கா நல்லா இருக்காங்களா?"

"ம். நீங்கதான் வரவே இல்லையேண்ணே."

அவர் கயிற்றின் முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். "அக்காவுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் வரல. அடுத்த வாரம் பையன் ஒருத்தனைச் சரக்கோட அனுப்பிடறேன்."

"என்ன சங்கடம்?"

"நீங்க சொன்னது நியாயம்தாம்மா. உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. இந்த வயசுல இன்னொருத்தர் சமையல்கட்டுல போயி நிக்கிறது கஷ்டம்தான்னு அக்கா சொன்னாங்க. உப்பு எங்கன்னு கேட்டுக்கிட்டு நிக்கணும்னு தங்கச்சி சொல்றான்னாங்க."

தங்கையின் மனசில் முதலில் ஓடியது இதுதான்: அது சமையல்கட்டு இல்லை, அடுப்படி. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதையும் விட்டுவிட்டார். நல்ல வாக்கியத்தை இப்படியா கெடுப்பது? அந்த எரிச்சல் முழுசாக வந்து போன பிறகுதான் மற்றது வந்தது. அன்று கேட்டது நர்ஸ் இல்லை, அக்கா.

"எங்க வீட்டுல டப்பா எல்லாத்துக்கும் சீட்டு ஒட்டியிருக்கும்மா," என்றார் அவர், பொத்தான் பெட்டியைக் காட்டி. "இதே மாதிரி. உப்புன்னா உப்புன்னு எழுதியிருக்கும். சமைக்கிறதும் நான்தான். மெஷினை நகர்த்தவே வேணாம், பகல்ல உங்க வீட்டுக்கே வந்து தைக்கட்டும்னு சொல்லணும்னு இருந்தேன். அதுக்குள்ள அவங்க முடிச்சுட்டாங்க."

தங்கை வாயைத் திறந்தாள். என்னென்னவோ சொல்ல வேண்டியிருந்தது. "ம்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பிறகு ஓடினாள்.

ஓடும்போதே வாக்கியங்களைத் தயார் செய்தாள். 'அக்கா, நான் செய்தது பெரிய தவறு.' யாரோ நீதிமன்றத்தில் பேசுவதுபோல இருந்தது. 'அக்கா, உன் வாழ்க்கையை நான்...' இது அவளுடைய இரண்டாவது கதையில் ஒரு கம்பவுண்டர் பேசியது. ஒவ்வொரு வாக்கியமும் எங்கோ ஏற்கெனவே எழுதியதாக இருந்தது. வீட்டுப் படி ஏறும்போது அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அக்கா தைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நீ கேட்டியே, அவர் கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேக்கிறார்னு..."

"எனக்கு வேலை இருக்குடி. இந்த நர்ஸு கதையை நீயே பாத்துக்கோன்னு சொன்னேனே."

"நர்ஸ் இல்லக்கா."

"பின்ன யாரு? அந்தத் தோழியா? அவளும் வேணாம்."

தங்கை மேசைக்குப் போய்ப் பென்சிலை எடுத்துக் கொண்டையில் செருகினாள். பிறகு சுற்றி வந்து, வாசலை அடைத்துக்கொண்டு அக்காவுக்கு நேர் எதிரே நின்றாள். அக்கா நிமிர்ந்தாள். பென்சிலைப் பார்த்தாள். மெஷினை நிறுத்தினாள்.

"அன்னிக்கு இது கையில இருந்துச்சுக்கா," என்றாள் தங்கை. "நீ நர்ஸுன்னு நினைச்சேன். நான் சொன்னது தோழி சொன்னது. நான் இல்ல."

அக்கா எதையோ கணக்குப் போடுவதுபோல அவளையே பார்த்தாள். முகத்தில் நிறம் மெதுவாக மாறியது.

"நான் மெஷினை நிறுத்திட்டுத்தானே கேட்டேன்?"

"எனக்குக் கேக்கல."

"ஓடுற சத்தம் நின்னதுகூடவா கேக்கல?"

தங்கையின் காது கேட்டிருக்கும். கேட்டதை வாங்கிக்கொள்ள உள்ளே அவள் இல்லை. அவள் இருந்தது நர்ஸின் அறையில்.

அக்கா சட்டையை மடியில் போட்டு நீவினாள். "சரி, கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப? அதை இப்பச் சொல்லு."

இதற்கு எப்படியாவது ஒரு நல்ல பதில் வேண்டும். உலகத்தில் உள்ள நர்ஸுக்கும் டிரைவருக்கும் மாமனாருக்கும் அவளிடம் பதில் இருந்தது.

"வேணாம்னுதான் மொதல்ல... இல்ல, வேணாம்னு இல்ல. நீ போனா நான் யார் கூட... அது வேற விஷயம். அவர் டப்பாவுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருக்காராம். உப்புக்குக்கூட. நல்லவர்தான். எனக்குப் பயமா இருக்குக்கா. ஆனா நீ போ. போன்னா போயிடுன்னு இல்ல. அவர் மெஷின் இங்கயே இருக்கட்டும்னாரு. நீ ஒரு தடவை அவர்கிட்ட, அதாவது, எனக்குச் சொல்ல வரல."

கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அக்கா அவளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று சிரித்துவிட்டாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"இது கண்டிப்பா கதை இல்லடி. இவ்வளவு மோசமா உன் கதையில யாரும் பேச மாட்டாங்க."

"சிரிக்காதக்கா."

"சிரிக்காம? உப்பு எங்கன்னு கேட்டு நிப்பேனாம்! ராத்திரியெல்லாம் அதையே நினைச்சேன் நான். இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியுது, எவ்வளவு யோசிச்சுச் சொல்றா பாருன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தங்கையின் வெறும் கையைப் பார்த்தாள். "நூல் எங்கடி?"

தங்கை துணித் துண்டை மட்டும் நீட்டினாள்.

"ஒரு வேலை உருப்படியா செய்யாத," என்றாள் அக்கா. எழுந்து, மேலே ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைத் தட்டிவிட்டாள். கண்ணாடி முன் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள். "ஸ்கூட்டர் எந்தக் கடை வாசல்ல நிக்குது?"

அக்கா தெருவில் இறங்கினாள். தங்கை ஜன்னலுக்கு வந்து வழக்கம்போலத் திரையில் விரல் வைத்தாள். ஒதுக்கவும் செய்தாள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, தெருமுனையில் அந்த ஸ்கூட்டர் வந்து தயங்கி நிற்பது தெரிந்தது. ஓட்டமாக ஓடிவந்த எழுத்தாளர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்று பார்க்க வந்திருப்பார். அக்கா அதை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். கையில் ஊதாத் துண்டு. இன்னும் பத்தடி. பெட்டி மூடியை இப்போது தட்டுவாரா, மாட்டாரா?

தங்கை திரையை விட்டாள். அதற்கு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு தாளை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திரும்ப எழுதத் தொடங்கினாள். கை சூடேறவில்லை. வெளியே பேருந்து ஒன்று வந்து நின்று போனது. யாரோ சிரித்தார்கள். அது எதற்காக என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. பக்கம் முடிந்தது. அதையே இன்னொரு முறை எழுதினாள்.

அக்கா வர நேரமாயிற்று. வந்தவள் நூலை மேசையில் வைத்தாள். அது ஊதா இல்லை, நல்ல நீலம். நிறத்தில் நூலிழை பிசகினாலும் கண்டுபிடிக்கிறவளுக்கும் கண்டு கண்டாக அடுக்கி வைத்திருப்பவருக்கும் நடுவில் அந்த நூல் எப்படித் தப்பி வந்ததோ. தங்கை மறுபடி தாளின் பக்கம் குனிந்தாள். அக்கா போய் மெஷின் முன்னால் உட்காரும் சத்தம் கேட்டது. துணியை ஊசிக்கடியில் வைக்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு வர வேண்டிய சத்தம் வரவில்லை.

தங்கை பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு திரும்பினாள். "சொல்லுக்கா."

"ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா, முதுகைக் காட்டிக்கொண்டே. காது மடல் சிவந்திருந்தது. "இனிமே அவரை அண்ணே கிண்ணேன்னு கூப்பிடாத."